கண்ணு படாத வார்த்தை

மாமல்லபுரத்தில் கடலோரத்து ஓட்டல் ஒன்றில் எனக்கு ரிசப்ஷன் வேலை. பொழுது விடிந்தால் 'ஹேப்பி டு ஹெல்ப்', 'மை ப்ளெஷர்', 'ஆர் யூ சாட்டிஸ்ஃபைடு சார்?' என்று வாய் வலிக்கச் சொல்ல வேண்டும். ஏசி ஓடவில்லை என்று கத்துகிறவனிடமும் சிரித்துக்கொண்டே ஹேப்பிதான். எரிச்சல் எரிச்சலாக வரும். வெளியே காட்டினால் சோறு ஏது?

அதே நான் வீட்டுக்குப் போனால் அந்த மாதிரி ஒரு வார்த்தை வாயில் வராது. செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் ஊரில் வழக்கம் அப்படி. நெல் நன்றாக விளைந்திருந்தாலும் "ஏதோ கீது" என்பார்கள். பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால் "எங்க, சாப்புடவே மாட்டேங்குது" என்பார்கள். நன்றாக இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் கண்ணு பட்டுவிடுமாம். என் மனைவிக்கு இதில் நம்பிக்கை அதிகம். இரண்டு முறை கரு தங்காமல் போனது. சந்தோஷம் தாங்காமல் எல்லோரிடமும் சீக்கிரமே சொல்லிவிட்டதுதான் காரணம் என்று அவள் மனதில் பதிந்துவிட்டது. பைத்தியக்காரி என்று திட்டியிருக்கிறேன். திட்டி என்ன ஆகப்போகிறது?

நாற்பதை நெருங்கும்போது மூன்றாவது முறை உண்டானாள். இதுவும் போனால் இனிமேல் கஷ்டம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் இதயம் துடிப்பதைக் காட்டி, "ஆர் யூ ஹேப்பி?" என்று கேட்டார். இவள் எங்கே வாயைத் திறக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஹேப்பி டாக்டர், வெரி ஹேப்பி" என்றாள் பட்டென்று.

வெளியே வந்ததும், "இன்னாமே, இன்னிக்கு வாயத் தொறந்துட்ட?" என்றேன்.

"இங்கிலீஷ்ல சொன்னா கண்ணு படாது மாமா. ஊரு கண்ணுக்கு அது இன்னா புரியப்போவுது?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த விஷயத்துக்கு மட்டும் இங்கிலீஷ்தான். நான் ஓட்டலில் தேய்த்த வார்த்தைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள். கிளாட் என்றால் நல்ல சேதி காதில் விழுந்ததும் வருவது என்றேன். சாட்டிஸ்ஃபைடு என்றால் வயிறு நிறைந்து, போதும் என்று இலைக்கு மேலே கையைக் காட்டுவது.

"ஒண்ணுமே நடக்கல, சும்மா குந்திகினு கீறேன், ஆனா நல்லா கீது. அதுக்கு இன்னா?" என்று கேட்டாள்.

கன்டென்ட் என்றேன். ஓட்டலில் ஒரு வயதான வெள்ளைக்காரம்மா காலை முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு என்னிடம் சொன்ன வார்த்தை அது. தலையாட்டி வைத்தேனே தவிர, அர்த்தம் எனக்கும் சரியாகப் பிடிபடவில்லை. இவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு "கன்டென்ட்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். சம்பளத்துக்காக வாரி இறைத்த வார்த்தைகளுக்குள் இவ்வளவு இருந்ததா என்று மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

பிரசவம் சுலபமாக இல்லை. ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பிறந்ததும் அழவில்லை என்று குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பயந்துகொண்டு கிடந்தோம். மறுநாள் மதியம் நர்சம்மா துணியில் சுற்றி எடுத்துவந்து அவள் பக்கத்தில் கிடத்தினார். பெண் குழந்தை. வாயைத் திறந்து ஒரு கத்து கத்தியது பாருங்கள், வார்டே திரும்பிப் பார்த்தது.

பக்கத்துக் கட்டில்காரம்மா எட்டிப் பார்த்து, "எப்டி கீது கொயந்த?" என்று கேட்டார்.

"நல்லா கீதுக்கா. எனக்கு ரொம்ப சந்தோஷமா கீது" என்றாள் இவள், தமிழில், அந்தக் கோடிவரை கேட்கும்படி.

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். "மெதுவாமே, எல்லாரும் கேக்கப்போறாங்க" என்றேன்.

குழந்தையிடமிருந்து கண்ணை எடுக்கவே இல்லை அவள்.

"கேக்கட்டும் மாமா."