கீழாற்றின் கூரை

ஆம்பூரில் பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் கிடங்கு ஒன்றில் ஆவாரம்பட்டை இடித்துப் பிழைத்தவள் அமிர்தவள்ளி. வெள்ளிக்கிழமை தவறாமல் கங்கையம்மனுக்கு விளக்குப் போடுகிறவள். பொய் பேசத் தெரியாது. கதை கட்டுவது மட்டும் அவளுக்குப் பொய்யாகத் தோன்றியதில்லை. உலக்கைகள் சீராக விழ வேண்டுமே என்று என்றோ ஆரம்பித்தது அது.

ஆதியில் பாலாறு இரண்டாக இருந்ததாம். மேலாற்றை வெயிலரசன் ஆண்டான், கீழாற்றை அவன் தங்கை ஈரத்தாள் ஆண்டாள். தங்கை கல்யாணத்துக்கு அண்ணன் சீர் கொண்டுவராமல் வெறுங்கையோடு வந்து நின்றான். அந்தக் கோபத்தில் மேலாற்றுத் தண்ணீரையும் முந்தானையில் முடிந்துகொண்டு அவள் மணலுக்கடியில் இறங்கிவிட்டாள். இன்றைக்கு நாம் ஊற்று தோண்டி மொள்ளுகிறோமே, அது கீழாற்றுப் பெண்கள் வாசல் தெளித்த மிச்சம்.

"அப்படி இன்னா சீரு கேட்டா?" என்றாள் கூட இடிக்கிற தேவகி.

"ஒரே ஒரு மேகம்."

"எங்க அண்ணனா இருந்தா அதையும் அடகு வச்சிருப்பான்."

சிரிப்புக்கு நடுவே சிரிக்காமல் நின்றவன் ஹபீப். பட்டை வண்டி ஓட்டுகிறவன். முன்வருஷத்து வெள்ளம் அவன் பெண்டாட்டி சைராவைக் கொண்டுபோயிருந்தது, உடம்புகூடக் கிடைக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அமிர்தவள்ளி யோசிக்காமல் ஒன்று சேர்த்தாள்: "வெள்ளத்துல போனவங்க யாரும் சாகல. ஈரத்தாள் ஆளுக்கொரு வூடு குடுத்து வச்சிருக்கா."

அன்றைக்குத்தான் ஹபீப் சோற்றை மிச்சம் வைக்காமல் தின்றான். அப்புறம் கேள்விகள் தொடங்கின.

"வாசல் எங்கக்கா இருக்குது?"

"கோடையிலயும் எந்த ஊத்து வத்தலியோ, அதுக்கு அடியில" என்றாள், உலக்கையை நிறுத்தாமலே.

அவன் தலையாட்டிய விதம் அவளுக்குச் சரியாகப் படவில்லை. அதற்குப் பிறகு கோயிலில் விளக்கேற்றும்போதுகூட மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. 'வெறும் கதைதான் பாய்' என்று சொல்லிவிடத் தினமும் வாயெடுப்பாள். அவன் வண்டியிலிருந்து மூட்டையை இறக்கியபடியே ஆவலாக நிமிர்ந்து பார்ப்பான். பட்டைத் தூளோடு சேர்த்து அதையும் விழுங்கிவிடுவாள்.

சித்திரை மாதத்து ஒரு மத்தியானம் மேஸ்திரி கோதண்டபாணி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அமிர்தம், உன் கீழாத்துக்கு ஆளு கெளம்பிட்டான். ஹபீபு காலையிலேருந்து ஆத்துல தோண்டறான், தலையே தெரியல. கரை சரிஞ்சா ஆளு காலி! கூப்ட்டா வர மாட்டேன்றான்."

கொதிக்கிற மணலில் அவள் ஓடினாள். 'எல்லாம் பொய் பாய், நான் கட்டினது' என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பள்ளத்தின் விளிம்பில் ஒரு துண்டு விரித்திருந்தது. அதன்மேல் பச்சைக் கண்ணாடி வளையல், புதிது, சைராவுக்கென்று வாங்கியது. பள்ளத்துச் சுவரிலிருந்து மணல் பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது.

"மேல வா பாய்!"

"ஈரம் வந்துடுச்சுக்கா. இன்னும் கொஞ்சந்தான்."

அவள் வளையலைப் பார்த்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தை ஒன்றும் வரவில்லை.

"நிறுத்து! கூரை இடியுது!"

மண்வெட்டி நின்றது. "யார் கூரை?"

"அவங்க கூரைதான். இந்த மணலு நமக்குத் தரை, அவங்களுக்குக் கூரை. மேலேருந்து தோண்டினா உள்ள இருக்கறவங்க தலையிலதான் வுழும்."

"இதை நீ சொல்லவே இல்லியே!"

"நீ வாசலைத்தானே கேட்ட? கூரையைக் கேட்டியா?"

ஹபீப் மண்வெட்டியைச் சத்தம் வராமல் கீழே வைத்தான். பின்னாலேயே ஓடிவந்திருந்த கோதண்டபாணி வண்டிக் கயிற்றை இறக்கினார். அவன் ஏறி வந்து விளிம்பில் உட்காருவதற்குள் ஒருபக்கச் சுவர் பொத்தென்று சரிந்து, அவன் நின்ற இடம் மூடிப்போயிற்று.

"பொழைச்சடா பாவி" என்றார் கோதண்டபாணி.

ஹபீப் அதைக் காதில் வாங்கவில்லை. "அக்கா, யார் மேலயாவது வுழுந்திருக்குமா?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை.

"இல்ல பாய். ஈரத்தாள் கை குடுத்துத் தாங்கிட்டா."

"கை நோவாதா?"

"நோவும். அதனாலதான் இனிமே தோண்டக் கூடாது."

அவன் மண்டிபோட்டு, மிச்சப் பள்ளத்தைக் கையாலேயே மெல்ல மெல்ல மூடினான். வளையலைத் துண்டில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு ஆற்றில் இறங்கினால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வது அவன் வழக்கமாயிற்று.

கதையையே விட்டுவிடலாம் என்று அமிர்தவள்ளி நினைத்தாள். விட்டால் அந்தக் கூரையை யார் தாங்குவது? வெள்ளிக்கிழமை கங்கையம்மன் முன்னால் நின்று, "பொய் சொன்னதைப் பொறுத்துக்கோ தாயே" என்று தொடங்கினாள். தூரத்து மலையில் இடி உருண்டது. ஆற்றில் வெள்ளம் வந்தால் அத்தனை பாரத்தையும் அந்தக் கூரை தாங்குமா என்றுதான் முதலில் தோன்றியது. தொடங்கியதைப் பாதியில் விட்டாள்.

"ஈரத்தாள் கைக்கு வலுவைக் குடு தாயே" என்றாள்.

திரியைத் தூண்டிவிட்டு வாசல்வரை போனாள். மனசு கேட்கவில்லை. திரும்பி வந்து, மறுபடியும் அதையே வேண்டினாள்.