எண்ணூர் வழியாக டில்லிக்கு

துறைமுகத்தில் நிலக்கரிக் கூடை சுமந்தவன் நான். பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. சுமந்த காசில் ஒரு பழைய படகு வாங்கினேன். புயல் அதைக் கொண்டு போயிற்று. மறுபடி ஒன்று கட்டினேன். இன்றைக்குப் பக்கிங்காம் கால்வாயில் என் படகுகள் நான்கு ஓடுகின்றன. தண்டையார்ப்பேட்டையில் கிளிஞ்சல் சுடும் காளவாய் போட்டேன். புகை வருகிறது என்று அக்கம்பக்கத்தார் பிராது கொடுத்தார்கள். பிராது போயிற்று, காளவாய் நிற்கிறது. ராயபுரத்தில் மாடி வைத்து வீடு கட்டினேன். அந்த வட்டாரத்தில் நிற்கிற புதுச் சுவர்களில் பாதி என் சுண்ணாம்பைத் தின்று நிற்பவை.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிதாக நான் கட்டியது ஒன்று உண்டு. டில்லிச் சட்டசபையில் நம் பக்கத்துக்காக எழுந்து பேசுகிறார்களே, கமலவேணி அம்மாள், அவர்களை அங்கே அனுப்பிய வழி என் படகு போன வழிதான். எண்ணூர்ப் பக்கம் போகாதவர்களுக்காக அந்தப் பயணத்தை என் மகனை எழுதச் சொல்லிச் சொல்கிறேன்.

அம்மாள் அப்போது எங்கள் ராயபுரத்தில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். டவுன் மண்டபங்களில் பேசுவார்கள், படித்தவர்கள் கை தட்டுவார்கள். டில்லிக்கு நிற்கக் கட்சியில் இடம் கேட்டார்கள். அதே இடத்தை ஒரு மில் முதலாளியும் கேட்டார். கமிட்டியில் ஒரு வக்கீல், அவர் அந்த முதலாளிக்கு மைத்துனர். "வடக்கே கடலோரத்து ஜனங்கள் ஒரு பெண்பிள்ளை பேசினால் உட்கார்ந்து கேட்பார்களா? எண்ணூரில் ஒரு கூட்டம் நடத்திக் காட்டட்டும். பத்துப் பேர் கை தூக்கினால் எனக்குச் சம்மதம். இல்லாவிட்டால் என் மைத்துனர் பெயர்தான்" என்றார். கண்ணால் பார்க்கத் தானே கூட வருவதாகவும் சொன்னார்.

அம்மாள் காளவாய்க்கே வந்து என்னைக் கேட்டார்கள். "ஏகாம்பரம், எண்ணூரில் உங்களுக்கு ஆட்களைத் தெரியுமாமே. எப்படிப் போகலாம்?"

"ரயிலு உங்கள ஸ்டேஷன்ல எறக்கி வுட்டுடும்மா. குப்பம் கழிமுகத்துல கீது. மணல்ல நடந்து போயி சேர்றதுக்குள்ள ஜனம் கலைஞ்சி பூடும். எம் படகுல வாங்க, நேரா கரையில எறக்கறேன்" என்றேன்.

பங்குனி மாதம், விடியற்காலை நாலரை மணி. பேசின் பிரிட்ஜ் அருகே படகுத்துறையில் கிளம்பினோம். அங்கிருந்து எண்ணூர் ஒன்பது மைல் சொல்லலாம். படகின் முகப்பில் என் சம்சாரத்தின் பெயர், 'தனபாக்கியம்' என்று, வெள்ளை எழுத்தில் இருக்கும். காற்று இல்லை. கரையில் இரண்டு ஆட்கள் தோளில் கயிறு போட்டு இழுத்தார்கள். பின்னால் என் படகாள் கன்னியப்பன் கழி ஊன்றினான். வக்கீல் கறுப்புக் கோட்டும் குடையுமாக வந்து, நான் சாக்கு விரித்த இடத்தில் உட்காராமல், கோட்டுக்கு ஒரு செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார்.

கொருக்குப்பேட்டை தாண்டும்போது வெளுத்தது. இடது கைப்பக்கம் கொடுங்கையூர் வயல்கள், பச்சையாக. வலது கைப்பக்கம் ரயில் பாதை, அதற்கு அப்பால் எண்ணெய்க் கம்பெனிகளின் தொட்டிகள். எதிரே சவுக்குக் கட்டை ஏற்றி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து வருகிற படகுகள், தண்ணீர் விளிம்புக்கு ஓர் அங்குலம் விட்டு மிதந்து வந்தன. சென்னைப் பட்டணத்தில் சோறு கொதிப்பது இந்தப் படகுகளால்தான். சாப்பிடுகிறவர்களுக்கு இது தெரியாது.

அம்மாள் தாளில் எழுதி வந்த பேச்சைப் படித்துப் பார்த்தார்கள். நல்ல பேச்சு. ஆனால் குரல், பள்ளிக்கூடத்து அறைக்குள் போதும். கன்னியப்பன் என் காதோரம் வந்தான்.

"நைனா, இந்தம்மா பேசறது பின்னால குந்திகினு கீற எனக்கே கேக்கல. கடல் காத்துல எவனுக்குக் கேக்கப் போவுது?"

அவன் சொன்னது அம்மாள் காதிலும் விழுந்தது. தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

"ஏகாம்பரம், கரையில் இருக்கிற ஆட்களை நீங்கள் எப்படிக் கூப்பிடுகிறீர்கள்?"

"தொண்டையில கூப்புடக் கூடாதும்மா. வவுத்துல கூப்புடணும். பாருங்க." கயிறு இழுக்கிறவர்களைப் பார்த்து ஒரு குரல் விட்டேன். சவுக்குப் படகுக்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான். வக்கீல் காதைப் பொத்திக்கொண்டார். அம்மாள் இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தார்கள். முதல் தரம் கொக்குகூடப் பறக்கவில்லை. இரண்டாம் தரம் கயிற்றுக்காரன் ஒருவன், "இன்னாம்மா, நிறுத்தணுமா?" என்றான். அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஏழு மணிக்குத் திருவொற்றியூர் கோபுரம் வலது பக்கம் தெரிந்தது. அதைத் தாண்டிச் சடையங்குப்பம். அங்கிருந்து கால்வாயின் வாசனையே மாறும். சேறு போய் உப்பு வரும். இருபுறமும் உப்பளப் பாத்திகள், வெயில் பட்டால் கண் கூசும்.

ஒன்பது மணி சுமாருக்குக் கழிமுகத்தில் நுழைந்தோம். கட்டுமரங்கள் கரை ஏறியிருந்தன. மணலில் முந்நூறு ஜனம் இருக்கும், பெரும்பாலும் பெண்கள். வக்கீலின் முகம் சுருங்கிற்று. அம்மாளுக்கோ முகம் மலர்ந்துவிட்டது. தமக்காகக் கூடிய கூட்டம் என்று நினைத்துவிட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் முகப்பில் ஏறி நின்று, டவுன் மேடையில் செய்கிற மாதிரி, வலது கையை உயரத் தூக்கிக் கும்பலுக்கு மரியாதை காட்டினார்கள்.

அது மீன் ஏலம். அந்தக் கரையில் கை தூக்கினால் விலைக்குச் சம்மதம் என்று அர்த்தம். கடைசியாகத் தூக்கிய கைக்கு மீன்.

ஏலம் கூறிக்கொண்டிருந்தவள் அஞ்சலை. இருபது வருஷமாக அந்தக் கரையில் அவள் குரல்தான். மார்பு உயரத்துக்குக் கவலை மீன் குவிந்திருந்தது. "மூணு தரம்! படகுல நிக்கற கண்ணாடி போட்ட அம்மாவுக்கு!" என்று முடித்துவிட்டாள். கரை முழுக்க ஒரே சிரிப்பு.

வக்கீல் குடையை ஊன்றிக்கொண்டு இறங்கினார். "இது செல்லாது. அந்த அம்மாளுக்கு விஷயம் தெரியாது. தெரியாமல் செய்தது சட்டப்படி ஏலமே இல்லை."

அஞ்சலை இடுப்பில் கை வைத்தாள். "இன்னா சாமி, கோர்ட்டா இது? இங்க தூக்குன கை தூக்குனதுதான். போன வாரம் ஒருத்தன் கொசு ஓட்டக் கை தூக்குனான். அவனும் மீனு வித்துட்டுத்தான் வூட்டுக்குப் போனான்."

"அவன் கறுப்பு கோட்டு போடல அக்கா, அதான்!" என்று கூட்டத்தில் ஒருத்தி கத்தினாள்.

வக்கீல் அம்மாள் பக்கம் திரும்பினார். குரலில் பரிவு காட்டினார். "போதும், போய்விடலாம். இந்தக் கலீஜில் நீங்கள் நிற்க வேண்டாம். கமிட்டியில் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்."

போனால் என்ன சொல்வார் என்பது அம்மாளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அம்மாள் என்னைப் பார்த்தார்கள்.

"இங்கே வழக்கம் என்ன, ஏகாம்பரம்?"

"மீனு உங்களுதும்மா. வித்துட்டு அஞ்சலைக்குப் பணம் குடுக்கணும். விக்காம எழுந்து போனா இந்த மணல்ல அப்புறம் ஒரு பேச்சும் எடுபடாது."

அம்மாள் பிறந்தது முதல் மீன் தொடாத குடும்பம். ஒரு நிமிஷம் அந்தக் குவியலைப் பார்த்தார்கள். பிறகு மூக்குக் கண்ணாடியை நன்றாக ஏற்றிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகி, மணலில் உட்கார்ந்தார்கள்.

"தாய்மார்களே, இம்மீன்களை வாங்கிக்கொள்ள வாருங்கள்" என்றார்கள்.

"யம்மா, மந்திரமா ஓதுற? மீனுக்கே கேக்கல!" என்றாள் அஞ்சலை.

நான் பின்னால் போய் நின்றேன். "வவுத்துலேருந்தும்மா" என்றேன்.

அம்மாள் மூச்சை இழுத்தார்கள். அடுத்து வந்த குரல் கழிமுகத்தின் அக்கரைக்குப் போயிற்று. "வாங்கம்மா! கவலை! கூறு கட்டித் தர்றேன், வாங்க!"

முழுக் குவியலை எடுக்க முடியாத கூடைக்காரிகள் எத்தனையோ பேர் ஓரமாக நின்றார்கள். கூறு என்றதும் கூடையோடு சூழ்ந்துகொண்டார்கள். அம்மாள் கையால் அள்ளி அள்ளிக் கூறு வைத்தார்கள். கை வேலை செய்ய, வாய் விசாரித்தது. எந்த ரயிலில் போகிறாய், கூடையோடு ஏறினால் கார்டு என்ன சொல்கிறான், விற்காத மீனை என்ன செய்கிறாய் என்று ஒருத்தி விடாமல் கேட்டார்கள்.

"விக்கலன்னா உப்பு போட்டுக் காய வெக்கணும். உப்பு வாங்கறதுதாம்மா பேஜாரு" என்றாள் ஒரு கிழவி. "கடலு நம்முது, வெயிலு நம்முது. உப்பு மட்டும் சர்க்காருதுன்றான்."

அம்மாளின் கை நின்றது. எழுந்து நிற்கவில்லை, தாளையும் எடுக்கவில்லை. உட்கார்ந்தபடியே அந்தப் புதுக் குரலில் பேசினார்கள்.

"அந்த உப்புக்கு வரி போடுகிற இடம் டில்லி. அங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் ஒருவரும் மீன் காயவைத்ததில்லை. அங்கே போகத்தான் நான் கேட்கிறேன். நான் போகலாமா? சம்மதம் என்றால் கை தூக்குங்கள்."

ஒரு கைகூட எழவில்லை. வக்கீல் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்தார்.

அஞ்சலை முன்னால் வந்தாள். "சும்மா தூக்க மாட்டோம். நாங்க கை தூக்குனா அதுக்கு வெல உண்டு. நீ டில்லிக்குப் போயி எங்கள மறந்துட்டா?"

"தெரியாமல் தூக்கிய கைக்கே உட்கார்ந்து மீன் விற்கிறேன் அஞ்சலை. தெரிந்து கொடுக்கிற வாக்கை விடுவேனா?"

அஞ்சலை குவியலைப் பார்த்தாள். ஒரே ஒரு கூறு மிச்சம், அதுவும் நசுங்கிய மீன். வாங்க ஆள் இல்லை. அதையும் விற்றால்தான் விற்றது கணக்கு. "எனக்குக் குடும்மா" என்று நான் முன்னால் போய்த் துண்டில் வாங்கிக்கொண்டேன். மணல் காலியாயிற்று.

அப்போதுதான் அஞ்சலை தன் கையைத் தூக்கினாள். அவளைப் பார்த்துக் கிழவி. பிறகு கூடைக்காரிகள் அத்தனை பேரும், செதில் ஒட்டிய கைகள், வெயிலில் மினுமினுவென்று. வலை உலர்த்திய ஆண்கள் பத்துப் பதினைந்து பேரும் தூக்கினார்கள். அஞ்சலை வக்கீலைப் பார்த்துத்தான் கூறினாள்.

"ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்! அம்மா டில்லிக்கு! எழுதிக்க சாமி, தூக்குன கை தூக்குனதுதான்!"

வக்கீல், "எழுதிக்கொள்கிறேன்" என்றார். வேறென்ன சொல்வார்?

அம்மாள் திரும்பிப் படகில் வரவில்லை. கூடைக்காரிகளோடு மணலில் நடந்து, அவர்கள் பெட்டியிலேயே ரயில் ஏறிவிட்டார்கள். வக்கீல் வேறு பெட்டி. எனக்கு வெறும் படகைத் திருப்புகிற வழக்கம் இல்லை. கிளிஞ்சல் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். எதிர்க்காற்று, கயிற்று ஆட்களுக்கு முதுகு ஒடிந்தது. ராயபுரத்தில் என் மாடியில் நின்றால் துறைமுகத்துக் கிரேன் எல்லாம் தெரியும், பெருமையாக இருக்கும். அந்தச் சாயங்காலம் படகிலிருந்து எண்ணூரைத் திரும்பிப் பார்த்தபோது ஒன்று தோன்றிற்று. எங்கள் ஊரில் கை தட்டுவார்கள். தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அங்கே கை தூக்குகிறார்கள்.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். அம்மாள் ஜெயித்தார்கள். உப்பைப் பற்றி டில்லியில் பேசிய பேச்சு, மைக்கு வேண்டாத குரல் என்று பத்திரிகைகளில் வந்தது. அந்த வக்கீலும் அம்மாளின் வரலாற்றை ஒரு பத்திரிகையில் எழுதியிருக்கிறார். என் மகன் படித்துக் காட்டினான். "கமிட்டியின் ஏற்பாட்டில் ஒரு படகில் எண்ணூர் சென்றார்" என்று ஒரே வரி.

ஒரு படகு என்றால் எந்தப் படகு? படகின் பெயர் தனபாக்கியம். உடையவன் ராயபுரம் ஏகாம்பரம். வயிற்றிலிருந்து கூப்பிடச் சொன்னவன் நான். யாரும் தொடாத கடைசிக் கூறை வாங்கியவன் நான். அன்று ராத்திரி என் வீட்டில் அதுதான் குழம்பு, நசுங்கிய மீனுக்கு ருசி குறையவில்லை. அம்மாள் ஊருக்கு வந்தால் இன்றைக்கும் காளவாய்க்கு வந்து, "குரல் சரியாக இருக்கிறதா, ஏகாம்பரம்?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். அவர்கள் மறக்கவில்லை. எழுதுகிறவர்கள்தான் விட்டுவிட்டார்கள்.

ஆகவே இனிமேல் அவர்கள் கதையை எழுதுகிற ஐயாமார்களுக்குச் சொல்கிறேன். என் பெயரைப் போடுங்கள். அஞ்சலை பெயரையும் போடுங்கள், எனக்கு அடுத்த வரியில். நான் இதைக் கை தூக்கிக் கேட்கிறேன்.