படத்தில் வராத தெருக்கோடி

இயற்பியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணுக்குத் தெருக்காரர்கள் வைத்த பெயர் பூமி டாக்டர். தெருவோரமாக இரும்புக் கம்பிகளை வரிசையாக அடித்து, வயரைக் கோத்து, நடுவில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்தால் வேறென்ன தோன்றும்? "என்ன டாக்டரம்மா, பூமிக்குக் காய்ச்சலா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். "இன்னும் நாடி பிடிச்சு முடியல" என்பாள் அவளும்.

தெருவுக்கு அடியில் பழைய நிலக்கரிச் சுரங்கம் ஓடியது. அவளுடைய அப்பா அங்கே பம்ப் ஆபரேட்டராக இருந்தவர். சுரங்கத்தை மூடியபோது வேலை போனது. இருமல் மட்டும் அவரோடு வீட்டுக்கு வந்து தங்கிவிட்டது. அதற்குப் பிறகு தெருவில் வீட்டுக்கு வீடு விரிசல். சிமென்ட் பூசுவார்கள், அடுத்த மழையில் அது மறுபடி வாயைத் திறக்கும். மண்ணுக்குள் இருப்பதை மேலே நின்றே அளந்து சொல்லும் படிப்பு ஒன்று உண்டு, அதற்குப் புவி இயற்பியல் என்று பெயர் என்பது கல்லூரிக்கு வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்த அன்றே மனசு அதில் ஒட்டிக்கொண்டது.

கல்லூரியில் அந்தத் துறை கிடையாது. அலைகள் பாடம் எடுத்த பேராசிரியைதான் வழி சொன்னார்.

"மேல்படிப்புக்குப் போகணும்னா கணக்கை விட்டுடாதே. புரோகிராம் எழுதக் கத்துக்கோ. நிலவியல் வகுப்புல போய் உக்காரு, நான் சொல்லி வைக்கிறேன். ஆனா ஒண்ணு, மார்க்கு நிறைய பேர்கிட்ட இருக்கும்மா. நீயா வெளிய போய் எதையாவது அளந்து காட்டணும்."

எதை அளப்பது என்று அவள் யோசிக்கவே இல்லை. கல்லூரியில் தூசி படிந்து கிடந்த, மண்ணின் மின்தடையை அளக்கும் கருவியைத் துடைத்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்டார் அப்பா.

"எண்ணெய்க் கம்பெனி, நிலத்தடி நீர், நிலநடுக்க ஆய்வு. சுரங்கத்துலகூட வேலை இருக்குப்பா."

"சுரங்கமா! நான் கீழ போய்க் கிழிச்சது போதாதா?" என்று சிரிக்க ஆரம்பித்து இருமலில் முடித்தார். ஆனாலும் விடுமுறை முழுக்க அளவு டேப்பின் மறுமுனையைப் பிடித்தது அவர்தான்.

மண்ணுக்குள் மின்சாரத்தை அனுப்பினால் ஈர மண் வழிவிடும், காலி இடம் முரண்டு பிடிக்கும். அந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் படமாக்கியபோது, தெருவின் நடுப்பகுதியில் சிவப்பாக ஒரு திட்டு தெரிந்தது, காலி இடத்தின் அடையாளம். மேலே இருந்தது சித்தியின் வீடும் பக்கத்து வீடுகளும். பேராசிரியை படத்தை நகராட்சிக்குக் கொண்டுபோனார். பொறியாளர் வந்து துளை போட்டுப் பார்த்தார். கொஞ்ச ஆழத்தில் துளைக்கருவி சட்டென்று வெறுமைக்குள் இறங்கியது. வீடுகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

"எங்கடி போறது நாங்க?" என்று சித்தி அவளிடம்தான் வந்து கேட்டாள். கையில் பாதி மடித்த போர்வை.

"தெருக்கோடி வீடு காலியாத்தானே கிடக்கு சித்தி. அந்தப் பக்கம் படத்துல ஒண்ணும் இல்ல."

அவள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் கம்பி வரிசையின் நடுவில்தான் ஆழம் தெரியும். ஓரத்துக்குப் போகப் போக மேல்மண்ணைத் தவிர எதுவும் தெரியாது. பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே அது இருக்கிறது. படித்தவள்தான், பரீட்சையில் எழுதியவள்தான். அந்த நேரத்தில் அவள் கண்ணில் சித்தியின் முகம்தான் இருந்தது.

சித்தியும் சித்தப்பாவும் அங்கே குடிபோனார்கள். மழைக்காலத்தில் ஒரு காலையில் தெருக்கோடி வீட்டின் கொல்லைப்புறம் உள்வாங்கியது. குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த சித்தப்பாவும் அதோடு போனார். சத்தம்கூடப் பெரிதாக இல்லை, மணல் லாரி கொட்டியது போல இருந்தது என்றார்கள். மறுநாள்தான் உடலை எடுக்க முடிந்தது. காலி செய்த வீடுகள் எல்லாம் அப்படியே நின்றன.

சித்தி அழுது ஓய்ந்த ஒரு நேரத்தில் இவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சித்தி திரும்பிப் பார்க்காமலே, "ஒண்ணும் இல்லன்னியேடி" என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பேராசிரியை வீட்டுக்கே வந்தார். "உன் தப்பு இல்லம்மா. நகராட்சி மொத்தத் தெருவையும் பார்த்திருக்கணும்."

"ஓரத்துல தெரியாதுன்னு எனக்குத் தெரியும் மேடம். நான் சொல்லல."



அந்த வருஷம் அவள் மேல்படிப்புக்கு எங்கும் விண்ணப்பிக்கவில்லை. தெருக்கோடியும் நடுவில் வரும்படி, அதைத் தாண்டி ரயில் தண்டவாளம் வரைக்கும் கம்பி வரிசையை நீட்டி, தெருவை முதலிலிருந்து அளந்தாள். இப்போது யாரும் டாக்டரம்மா என்று கூப்பிடவில்லை. சிலர் வாசலில் கம்பி அடிக்கவே விடவில்லை. "எங்க வீட்டையும் காட்டிக் குடுக்கப் போறியா?" என்று ஒருவர் வயரைப் பிடுங்கி எறிந்தார். அப்பா அதைச் சுருட்டி எடுத்து வந்தார். புதிய படத்தில் சிவப்பு இன்னும் இரண்டு இடங்களில் இருந்தது. அந்த வீட்டுக்காரர்களும் கிளம்பினார்கள், அவளைத் திட்டிக்கொண்டே.

அடுத்த வருஷம் விண்ணப்பித்தாள். நேர்முகத் தேர்வில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். உன் ஆய்வைப் பற்றிச் சொல் என்றபோது சித்தப்பா இறந்ததையும் சேர்த்தே சொன்னாள்.  வயதில் மூத்தவர், கம்பிகளுக்கு இடையில் எவ்வளவு தூரம் விட்டாய் என்று கேட்டார். அடுத்தடுத்து அந்த மாதிரிக் கேள்விகளே வந்தன. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். இடம் கிடைத்தது. மகிழ்ச்சி வரும் என்று காத்துப் பார்த்தாள், வரவில்லை.

ஊரை விட்டுக் கிளம்பும்போது அம்மா பெட்டியை மூடிக்கொடுத்தாள். அப்பா ரயிலடிக்கு வந்தார். கணவரும் வீடும் போன சித்தி அப்போது அவர்களோடுதான் இருந்தாள். மகள் போன பிறகு அவளுடைய அறையையே சித்திக்குக் கொடுத்தார்கள்.

விடுதியிலிருந்து வாராவாரம் போன் செய்வாள். படிப்பு எப்படிப் போகிறது, சாப்பாடு சரியில்லையா, இருமலுக்கு அப்பா மருந்து எடுக்கிறாரா என்று பேச்சு சுற்றிச் சுற்றி வரும். வைப்பதற்கு முன், "சித்திகிட்ட குடும்மா" என்பாள்.

"குளிக்கப் போயிருக்கா" என்பாள் அம்மா. ஒரு வாரம் தூங்குகிறாள், ஒரு வாரம் கடைக்குப் போயிருக்கிறாள். பின்னால் தட்டு கழுவும் சத்தம் கேட்கும். அம்மாவின் குரலும் அப்பாவின் இருமலும் போனுக்குப் பக்கத்திலேயே கேட்க, தட்டைக் கழுவுவது யார் என்று அவள் கேட்டதில்லை.