காய்ச்சல் நோயே இல்லை என்ற வினோதா

எங்கள் அக்கரப்பத்தனைப் பக்கத்தில் வினோதாவைப் போல ஒரு வாயாடியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கையில் அவள் எனக்குப் பக்கத்து நிரை. கை ஓடும் வேகத்துக்கு வாயும் ஓடும். போன வருடம் தோட்டத்தில் சுகாதார வகுப்பு வைத்தார்கள். நாங்கள் எல்லாம் அங்கே தின்னக் கொடுக்கும் பணிசுக்கும் தேத்தண்ணிக்கும் போனோம், அவள் ஒருத்திதான் பாடத்துக்குப் போனாள். திரும்பி வந்தவளைப் பிடிக்க முடியவில்லை!

“காய்ச்சல் நோயே இல்லடி. அது அறிகுறி. உள்ளுக்குள்ள ஒரு நோய் இருக்குன்னு ஒடம்பு சொல்லுது. அந்த நோய்க்கு ஒரு காரணம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்காம பனடோல் மாத்திரையை முழுங்கினா காய்ச்சல் போவும், நோய் போவுமா?”

அதோடு விட்டாளா? நாங்கள் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகுவது அறிகுறியாம், ஓட்டைத் தகரம் காரணமாம், வருடக்கணக்காக ஒழுகுவதால் அது நாட்பட்ட நோயாம். அவளுக்கு ‘டாக்டரம்மா’ என்று பெயர் வைத்தது நான்தான். நல்ல பொருத்தமான பெயர்.

அப்போதுதான் எங்களோடு வேலை செய்யும் மீனம்மா அக்காவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. பனடோலில் போனது, மறுபடி வந்தது. ஒருநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தேயிலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். வினோதா ஓடிப்போய் அவர் காதுக்குள் ஏதோ கேட்டாள். அக்கா வெட்கத்தோடு தலையை மட்டும் ஆட்டினார். அவ்வளவுதான், கொழுந்து லொறியை மறித்து அவரை ஏற்றிவிட்டாள்! நானும் தொற்றிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்கு அக்காவின் கணவர் வீரய்யா அண்ணனும் ஓடி வந்துவிட்டார். டாக்டர் றிப்கா, என்ன செய்கிறது என்று கேட்டார்.

“காய்ச்சல்ங்க” என்றார் அக்கா.

“வேற ஏதாவது?”

“வேற ஒண்ணுமில்லங்க.”

வினோதாவுக்கு வந்ததே கோபம்!

“அக்கா, அறிகுறியை மறைச்சா டாக்டர் நோயை எங்க போய்த் தேடுவாங்க? உசுரை விட வெக்கமா பெருசு?”

அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“ஒண்ணுக்குப் போனா எரியுதுங்க. ரொம்ப நாளா.”

வீரய்யா அண்ணன் திகைத்துப் போனார். கட்டின புருஷனுக்கே அதுவரை தெரியாது.

சிறுநீரைப் பரிசோதித்தார்கள். தொற்று. கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டது, இன்னும் தாமதித்திருந்தால் சிறுநீரகமே பழுதாகியிருக்கும் என்றார் டாக்டர்.

“கிருமிதான் காரணம். ஆனா நாள் முழுக்கத் தண்ணி குடிக்காம, அடக்கிக்கிட்டே வேலை செய்றீங்களா?”

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மலையில் கக்கூஸ் ஏது? வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை எந்நேரமும் மேலே நிற்பார். அதனால் காலைத் தேத்தண்ணியோடு சரி, வீடு திரும்பும்வரை ஒரு மிடறு தண்ணீர் குடிக்க மாட்டோம். அதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்திருந்தோம்.

“அதுக்குப் பேரு ஆபத்துக் காரணி. கிருமிக்கு நீங்களே கதவைத் திறந்து விடுறீங்க” என்றார் டாக்டர்.

அக்கா குணமாகி வேலைக்கு வந்த அன்று எல்லோரும் போத்தலில் தண்ணீர் கொண்டுபோனோம். தாராளமாகக் குடித்தோம். கொஞ்ச நேரத்தில் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கூட்டமாகக் கீழே லயத்துப் பக்கம் இறங்கினோம்.

“வேலை நேரத்துல எல்லாரும் எங்கம்மா போறீங்க?” என்று கணக்கப்பிள்ளை செல்லசாமி மேலேயிருந்து கத்தினார்.

வினோதா வாயைத் திறப்பதற்குள் மீனம்மா அக்கா திரும்பி நின்று, மலை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்:

“ஒண்ணுக்குப் போறோம்ங்கய்யா! கக்கூஸ் கட்டிக் குடுக்குற வரைக்கும் இப்பிடித்தான் போவோம்!”