குடில் கூரைக்குப் பஞ்சு

திண்டுக்கல்லில் பனி பெய்து நான் பார்த்ததில்லை. என்னைப் பெற்றவர்களும் பார்த்ததில்லை. ஆனாலும் டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் எல்லா வீட்டுக் கிறிஸ்துமஸ் குடில் மேலும் பனி விழுந்தாக வேண்டும். எதிர்வீட்டில் விழுந்துவிட்டது. எங்கள் குடிலில் வெறும் வைக்கோல்தான். ஒன்பது வயதில் எனக்கு அது பெரிய மானப் பிரச்சினை.

இத்தனைக்கும் அத்தை வேலை பார்த்தது வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில். அப்பாவின் அக்கா. மாமா செத்தபின் எங்களோடுதான் இருந்தாள். மாமா அவளுக்கு விட்டுப்போன ஒரே சொத்து எச்.ஐ.வி. அது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். எனக்குச் சொல்லப்பட்டது 'சத்து மாத்திரை'. காலை எட்டு, இரவு எட்டு. ஒரு வேளை தவறினாலும் பிறகு மருந்து கேட்காது என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இரவு எட்டு மணிக்கு அவள் மில்லில் இருப்பாள். அதனால் டப்பாவும் தினம் அவளோடு மில் பஸ் ஏறும்.

அவளிடம் பஞ்சு கேட்டேன்.

"மில்லு கேட்டுல முந்தானைய உதறிக் காட்டச் சொல்றாங்க தாயி. எங்கிட்டுக் கூடி எடுத்தார?"

நம்பினேன். மறுநாள் நான் அவள் பையில் மிட்டாய் தேடியபோது டப்பாவைத் திறந்தேன். மாத்திரைகளுக்கு மேல் வெள்ளைவெளேரென்று பஞ்சு, கழுத்துவரை! எனக்கு இல்லையாம், டப்பாவுக்கு உண்டாம். ஆத்திரத்தில் அத்தனையையும் பிடுங்கிக் குடில் கூரையில் ஒட்டினேன்.

அன்று பஸ்ஸில் நடந்ததை அத்தை அடுத்த நாள் காலை அடுப்படியில் அம்மாவிடம் சொன்னாள். பள்ளத்துக்குப் பள்ளம் டப்பா குலுங்கியிருக்கிறது. பக்கத்தில் இருந்தவள், "என்னக்கா, புள்ளையில்லாத வீட்டுக்குக் கிலுகிலுப்பையா?" என்று சிரித்துக்கொண்டே பைக்குள் கையைவிட்டு எடுத்திருக்கிறாள். பின்சீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏத்தா, எங்க கொழுந்தன் சாகுறப்ப வச்சிருந்த அதே டப்பால்ல!" என்றாளாம்.

"திரும்பி வாரப்ப எம்பக்கத்துல ஒருத்தி உக்காரல."

"அவளுக கெடக்குறாளுக. நீங்க மாத்திரைய மட்டும் விட்றாதீங்க மதினி."

"டப்பாவத் தொட்டாலே அவளுக சிரிச்ச சிரிப்புத்தான் காதுல கேக்குது" என்றாள் அத்தை.

பிறகு எழுந்துவந்து குடில் முன்னால் நின்று கூரையையே பார்த்தாள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவ்வளவுதான். பாவி, ஓர் அறையாவது கொடுத்திருக்கலாம்.

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரித்தபோது பஞ்சைப் பத்திரப்படுத்தினேன். சத்தம்தானே பிரச்சினை, பஞ்சைத் திருப்பி வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்பது என் கணக்கு. ஜனவரி முதல் வாரம் அத்தை புது டப்பா வாங்கிவந்திருந்தாள். அது துணிப்பெட்டியில் சேலைக்கடியில் இருந்தது. மில்லுக்கு ஒரு மாத்திரையைத் தாளில் மடித்துக்கொண்டு போவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தாள். தினமும் காலையில் அம்மா கேட்பாள். "போட்டுட்டேன், போட்டுட்டேன்" என்பாள்.

குடியரசு தினத்தன்று பள்ளியில் கொடியேற்றி, மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்தேன். அத்தை இல்லாத நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்தேன். மூடிக்கு அடியில், டப்பாவின் வாயை அடைத்து வெள்ளித்தாள் ஒட்டியிருந்தது, துளியும் கிழியாமல். அதை நகத்தால் குத்திக் கிழிப்பதில் எனக்கு அப்படியொரு சந்தோஷம். இந்த டப்பாவுக்குள் பஞ்சு இல்லை. என் பஞ்சை அமுக்கித் திணித்தேன். குலுக்கிப் பார்த்தேன். சத்தமே இல்லை.

அடுத்த டிசம்பரில் எங்கள் வீட்டில் குடில் வைக்கவில்லை. அத்தையை அடக்கம் செய்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

வாங்கி மூன்று வாரமான டப்பாவில் வெள்ளித்தாள் ஏன் அப்படியே இருந்தது என்று அன்று எனக்குத் தோன்றவேயில்லை. "புது டப்பா ஒட்டுனபடியே இருந்துச்சும்மா" என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. பெட்டியைத் திறந்தது தெரிந்தால் அடிவிழும் என்ற பயம் மட்டும்தான் எனக்கு இருந்தது.