எருமைக்காக அடித்த மணி

எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டாம் தடவையில் தாண்டியவன் நான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே வேர்த்துவிடும். அப்படிப்பட்டவன் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். மோட்டார்மேன் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் யாராவது படித்தால் போதும்.

எழுபதுகளின் தொடக்கம். தாம்பரம்–பீச் எலக்ட்ரிக் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு காலை, பல்லாவரம் தாண்டியதும் எருமை ஒன்று குறுக்கே வந்தது. பிரேக் போட்டும் வண்டி நிற்கவில்லை. எருமை அடிபட்டுச் செத்துப்போனது. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் ஆனது. தாம்பரம் திரும்பியதும், வண்டி ஓட்டுகிறவர்களும் கார்டுகளும் ஓய்வெடுக்கும் ரன்னிங் ரூமில் எல்லோர் முன்னாலும் தேம்பித் தேம்பி அழுதேன்.

அதற்குச் சில மாதம் முன்புதான் என் மனைவி மஞ்சள் காமாலையில் இறந்திருந்தாள். அப்போது நான் அழவில்லை. காரியம் முடிந்ததும் டூட்டிக்கு வந்தேன். "கல்லு மாதிரி நிக்கிறான்யா" என்று பாராட்டினார்கள். அந்தக் கல்தான் எருமைக்கு உடைந்தது.

ரன்னிங் ரூமுக்குக் கேட்க வேண்டுமா?

"இன்னாடா, எருமை உனக்கு அத்தை பொண்ணா?"

"கருமாதி எப்போ மச்சான்? வடை பாயசம் உண்டா?"

நானும் சிரித்து, வயிற்றுவலி என்று சமாளித்தேன். ஆனால் பல்லாவரம் வந்தாலே வண்டியைக் கிளப்பத் தாமதித்தேன்; கேட்டால் அதே வயிற்றுவலி என்பேன். வேலைக்கு லாயக்கில்லை என்று உட்கார வைத்துவிடுவார்களோ என்று பயம். யாரிடமும் சொல்லவில்லை.

என் வண்டிக்குக் கார்டு சாலமன் அண்ணன். அவர் கடைசிப் பெட்டி, நான் முதல் பெட்டி. எங்களுக்குள் பேச்செல்லாம் மணிதான். அவர் இரண்டு அடித்தால் 'கிளம்பு'. நான் இரண்டு திருப்பி அடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். நான் மூன்று அடித்தால் 'கார்டு, முன்னால் வா'.

"வயித்துவலி எப்படிடா பல்லாவரத்துல மட்டும் வருது?" என்றார் அண்ணன். "மூணு மணியைச் சும்மாவா வெச்சிருக்காங்க? அடி, வரேன்."

"அது மெஷின் கோளாறுக்குத்தானே அண்ணே?"

"நீ என்ன, மெஷினைவிட ஒசத்தியா?"

அடுத்த வாரம் பல்லாவரத்தில் இரண்டு மணி வந்தது. என்னால் திருப்பி அடிக்க முடியவில்லை. மறுபடி இரண்டு வந்தது. நான் மூன்று அடித்தேன்.

பச்சைக் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பிளாட்பாரத்தின் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்தார். ஜன்னலுக்கு ஜன்னல் கத்தல்.

"இன்னாய்யா பேஜாரு! வண்டி போவுமா, எறங்கித் தள்ளணுமா?"

உள்ளே வந்தவர் என் தோளில் கை வைத்தார். "ராஜம்" என்றேன். மனைவி போன பிறகு அவள் பெயரை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். நான் அழுது முடிக்கும்வரை நின்றார்.

"மூக்கைச் சிந்துடா. ஆபீஸ் ஜனமெல்லாம் காத்திருக்கு."

ஸ்டேஷன் மாஸ்டர் ஓடி வந்தார். "ஏன்யா லேட்டு?"

"எருமை சார்" என்றார் அண்ணன்.

"எங்கே? காணோமே?"

"போன வாரத்து எருமை சார். இப்பத்தான் எழுந்து போச்சு."

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: மூன்று மணி அடிக்கக் கூச்சப்படாதீர்கள். ரன்னிங் ரூமில் கேலி செய்வார்கள். அடிக்காவிட்டாலும் செய்வார்கள்.

மறுநாள் அதே வண்டி. பல்லாவரத்தில் இரண்டு மணி வந்தது. இரண்டு திருப்பி அடித்தேன். மீனம்பாக்கத்துக்கு நேரத்துக்குப் போனோம்.