வாசலில் வைத்த மருந்துக் குப்பி

நான் ஆடும் மாயாஜால ஆன்லைன் கேமில் இரண்டு சர்வர்கள். ஒன்றில் ஒருவரை ஒருவர் வெட்டிச் சாய்க்கலாம். மற்றதில் எல்லோரும் சேர்ந்து அரக்கர்களை எதிர்க்க வேண்டும். எனக்கு முதலாவதுதான் பிடிக்கும். எதிரி யாரென்பதில் குழப்பமில்லை.

திண்டுக்கல் தோழி கெஞ்சியதால் இரண்டாவதில் சேர்ந்தேன். கேமில் வரும் இங்கிலீஷை எல்லோருக்கும் கேட்கும் வாய்ஸ் சாட்டில் அவளுக்குத் தமிழில் சொல்வேன். அங்கே முகம் தெரியாத ஒரு வீரன் தினமும் என் கோட்டை வாசலில் மருந்துக் குப்பி வைத்துவிட்டுப் போனான். சும்மா எவன் கொடுப்பான்? அடுத்து போன் நம்பர் கேட்பான் என்று, முந்திக்கொண்டு கேம் நிர்வாகத்துக்குப் புகார் அனுப்பினேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான், இங்கிலீஷில் விளாசியிருந்தேன்.

மறுநாள் வாய்ஸ் சாட்டில் அந்த வீரன் பேசினான். பெண் குரல்!

“அக்கா, வேடசந்தூர் மில்லுல வேலை பாக்குறேன். உங்க தோழிக்கு இங்கிலீஷைத் தமிழ்ல சொன்னீங்கல்ல, எனக்கும் சொல்லச் சொல்லிக் கேக்கத்தான் குப்பி வச்சேன். வெறுங்கையோட எப்படிக் கேக்குறது? இப்ப செவப்பா என்னமோ வந்திருக்கு. செத்த படிச்சுச் சொல்லுங்கக்கா.”

அனுப்பிய படத்தைப் பார்த்தேன். என் புகாருக்கான எச்சரிக்கை.

“யாரோ தப்பா புகார் குடுத்திருக்காங்க. நான் சரி பண்றேன்” என்றேன்.

“நல்லா இருப்பீங்கக்கா!”

உடனே புகாரைத் திரும்பப் பெற்றேன். ஆனால் கொடுத்தது யாரென்று இன்றுவரை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அவளுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.